இறந்த பிறகு அந்த எண் எந்தப் பக்கம் நகரும்? பிணவறையில் ரத்தக் குறிப்பான்களைக் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடலைத் திறந்து பார்த்தாயிற்று. இதயக் குழாய்களில் அடைப்பில்லை, நுரையீரலில் ரத்தக் கட்டியில்லை, மூளையில் கசிவில்லை, வெளிக்காயமும் இல்லை. உள்ளுறுப்புகளை ஜாடியில் போட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, 'ஆய்வக முடிவு வந்தபின் கருத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். பல நாள் கழித்து 'நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று பதில் வரும். அப்போது உடல் எரிந்திருக்கும் அல்லது புதைந்திருக்கும். ரத்தம் தனியாக எடுத்து வைக்கவில்லை என்றால் அதோடு கதை முடிந்தது.

சர்க்கரை நோய் முற்றி இறந்தவர், ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் இறந்தவர், சோறு தொடாமல் குடித்தே கிடந்து இறந்தவர் எனப் பலர் இப்படித்தான் 'காரணம் தெரியவில்லை' கணக்கில் சேர்கிறார்கள். இவர்களின் மரணம் உறுப்பில் பெரிய தழும்பு எதையும் விட்டுப் போவதில்லை. அதன் அடையாளம், அதாவது குறிப்பான், உடல் திரவங்களின் வேதியியலில்தான் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது, எப்படிக் காப்பது, வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்பதை இங்கே பார்ப்போம். தடயவியல் மருத்துவத்தில் முதுநிலை சேர்ந்தவர்களையும், அரசு மருத்துவமனைகளில் போஸ்ட்மார்ட்டம் டூட்டி பார்க்கும் உதவி மருத்துவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி

உயிரோடிருப்பவரின் ரத்த அறிக்கையில் பக்கத்திலேயே இயல்பு அளவு அச்சாகி வரும். பிணவறை மாதிரிக்கு அந்த இயல்பு அளவு பொருந்தாது. மூச்சு நின்ற பிறகும் செல்கள் சில மணி நேரம் சர்க்கரையைத் தின்கின்றன. பிறகு உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன. குடலில் உள்ள கிருமிகள் ரத்தக் குழாய்களுக்குள் பரவுகின்றன. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இறந்த பிறகு இந்த எண் தானாக எந்தப் பக்கம் நகரும்?

கீழே இறங்கும் பொருள் என்றால், கூடுதலாக வந்த அளவை நம்பலாம். குறைவாக வந்ததை நம்பக்கூடாது. மேலே ஏறும் பொருள் என்றால் நேர் எதிர். நகராமல் நிற்பவை சில உண்டு, அவைதான் நமக்கு வரப்பிரசாதம். சர்க்கரை இறங்கும். பொட்டாசியம் ஏறும். எச்பிஏ1சி (கடந்த சில வாரச் சர்க்கரையின் கணக்கு), கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), கார்பாக்சி ஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின்) ஏறக்குறைய அப்படியே நிற்கும். இந்த ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொண்டால் அட்டவணையை மனப்பாடம் செய்யும் வேலை பாதி குறையும்.

பொட்டாசியம் குளோரைடு ஊசி போட்டுக் கொன்றதாகப் புகார் வந்தால், இறந்தவரின் ரத்தப் பொட்டாசியத்தை அளந்து எதுவும் சொல்ல முடியாது என்பதும் இதனால்தான். இறந்த சில மணி நேரத்திலேயே எல்லோருக்கும் அது எக்கச்சக்கமாக ஏறிவிடும். அங்கே ஊசி போட்ட இடம், டிரிப் பாட்டில், சிரிஞ்சு, வார்டு பதிவேடு ஆகியவைதான் சாட்சி.

படி 1: கத்தியை எடுக்கும் முன் காகிதத்தைப் படியுங்கள்

போலீஸ் தரும் விசாரணை அறிக்கையை, அதாவது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்றும், இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 194 என்றும் சொல்லும் பிரிவில் வருவதை, முழுக்கப் படியுங்கள். உறவினர்களிடம் நேரில் நான்கு கேள்வி கேளுங்கள்: சர்க்கரை நோய் உண்டா, இன்சுலின் போடுவாரா? கடைசியாக என்ன சாப்பிட்டார், எப்போது? கடைசி இரண்டு மணி நேரத்தில் ஊசியோ புது மாத்திரையோ கொடுத்தார்களா, ஏதாவது கடித்ததா, கொட்டியதா? கடைசியாக உயிரோடு பார்த்தது எத்தனை மணிக்கு?

மருத்துவமனையில் சேர்ந்த பிறகு இறந்தவர் என்றால் அடுத்த வேலையை அந்த நிமிடமே செய்யுங்கள். அனுமதித்த நேரத்தில் எடுத்த முதல் ரத்தம் இன்னும் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். பல ஆய்வகங்கள் இரண்டு மூன்று நாளில் மிச்சத்தைக் கொட்டிவிடும். உயிரோடிருந்தபோது எடுத்த அந்த 2 மி.லி. சீரம், பிணவறையில் நீங்கள் எடுக்கும் 20 மி.லி. ரத்தத்தைவிட மதிப்பு மிக்கது. நாம் விளக்கிச் சமாளிக்க வேண்டிய மாற்றம் எதுவும் அதில் கிடையாது.

படி 2: தட்டைத் தயார் செய்யுங்கள்

20 மி.லி. சிரிஞ்சு இரண்டு, 5 மி.லி. சிரிஞ்சு இரண்டு, 16 அல்லது 18 கேஜ் ஊசி, விழிக்கு 20 கேஜ் ஊசி, கட்டு நூல், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் இரண்டு. குழாய்களில், சீரத்துக்குச் சிவப்பு மூடி மூன்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடி இரண்டு, சோடியம் ஃபுளோரைடு உள்ள சாம்பல் மூடி இரண்டு, விட்ரியஸுக்கு (விழிக்கோளத்துக்குள் இருக்கும் கூழ்) எதுவும் கலக்காத சிறு குழாய் இரண்டு. அழியாத மைப் பேனா ஒன்று. குழாய் மேல் பெயரை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாம். எடுத்த இடம் மாறிப்போனால் லேபிள் பொய் சொல்லும்.

சாம்பல் மூடிக் குழாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மது, சர்க்கரை, பெரும்பாலான நஞ்சுகள் எல்லாவற்றுக்கும் ஃபுளோரைடுதான் சரி, கிருமியையும் நொதியையும் அது நிறுத்தும். ரெடிமேட் குழாய் இல்லாத இடத்தில் 10 மி.லி. ரத்தத்துக்கு 100 மி.கி. சோடியம் ஃபுளோரைடும் 30 மி.கி. பொட்டாசியம் ஆக்ஸலேட்டும் சேர்க்க வேண்டும். ஆனால் நொதியை நிறுத்துகிற அதே குணம், பூச்சிமருந்து முடக்கும் நொதியான கோலினெஸ்டரேஸின் சோதனையைக் கெடுத்துவிடும். பூச்சிமருந்துச் சந்தேகத்தில் கோலினெஸ்டரேஸ் பார்க்கச் சாம்பல் மூடியில் ரத்தம் அனுப்பினால், பூச்சிமருந்தே குடிக்காதவருக்கும் அளவு தாழ்ந்துதான் வரும். அதற்கு ஊதா மூடியோ சிவப்பு மூடியோதான்.

படி 3: தொடையிலிருந்து ரத்தம்

மார்பைத் திறந்து இதயத்தில் ஊசி குத்தினால் ஒரு நொடியில் சிரிஞ்சு நிறையும். அந்தச் சுலபம்தான் சிக்கல். இதயத்துக்குப் பக்கத்தில் கல்லீரல், நுரையீரல், இரைப்பை மூன்றும் இருக்கின்றன. கல்லீரல் சேமித்த கிளைக்கோஜன் சர்க்கரையாக உடைந்து வலது இதயத்துக்கு வரும். இரைப்பையில் உள்ள மது ஊறிவரும். நுரையீரலிலும் கல்லீரலிலும் தங்கிய மருந்து திரும்பக் கசிந்து வரும். இதய மருந்தான டிகாக்சின், பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் இதற்குப் பேர்போனவை. தொடைச் சிரை இவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆகவே எந்தக் குறிப்பானானாலும் முதல் மாதிரி தொடையிலிருந்துதான்.

கவட்டை மடிப்பின் நடுப்புள்ளியில் தோலைத் திறங்கள். தமனி தடித்து வெளுத்திருக்கும். அதற்கு உள்பக்கம், அதாவது உடலின் நடுக்கோட்டை நோக்கி, தட்டையாக நீலம் பாரித்திருப்பது சிரை. முதலில் வயிற்றுப் பக்கத்தில் சிரையை நூலால் கட்டுங்கள் அல்லது ஃபோர்செப்ஸ் போடுங்கள். கட்டாமல் உறிஞ்சினால் வயிற்றுக்குள்ளிருக்கும் பெருஞ்சிரை ரத்தம் இறங்கி வரும்; தொடையில் ஊசி குத்தி இதய ரத்தம் எடுத்த கதையாகிவிடும். கட்டுக்குக் கீழே ஊசியை நுழைத்து மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். வரவில்லை என்றால் காலைச் சற்று உயர்த்துங்கள், தொடையைப் பிசைய வேண்டாம். ஒரு பக்கம் 10 மி.லி. வந்தால் நல்லது, போதவில்லை என்றால் அடுத்த தொடை. இரண்டிலும் கிடைக்காதபோது மட்டும் இதய ரத்தம், அதுவும் 'இதயம், வலது அறை' என்று குழாயிலேயே எழுதிய பிறகு.

மார்புக்கூட்டுக்குள் தேங்கிய ரத்தத்தைக் கரண்டியில் அள்ளிக் குழாயில் ஊற்றுவதை இன்னும் சில இடங்களில் பார்க்கலாம். அதை ரத்த மாதிரி என்று சொல்லவே கூடாது.

படி 4: விழிக்குள்ளிருந்து விட்ரியஸ்

இந்தத் துறையில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் நல்ல மாதிரி இதுதான். விழிக்கோளத்துக்குள் இருக்கும் இந்தக் கூழ் ரத்த ஓட்டத்திலிருந்து ஒதுங்கியது, கிருமி எளிதில் எட்டாதது, அழுகல் தாமதமாகத் தொடுவது.

மண்டையைத் திறக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். இமையை விலக்கி, வெளிக்கண் ஓரத்தில், கருவிழி விளிம்பிலிருந்து சுமார் 5 மி.மீ. தள்ளி வெள்ளைவிழியில் 20 கேஜ் ஊசியைக் கோளத்தின் மையத்தை நோக்கி நுழையுங்கள். பிஸ்டனை மெல்ல, மிக மெல்ல இழுங்கள். கூழ் பிசுபிசுப்பாக இருப்பதால் கொஞ்ச நேரம் எதுவுமே வராதது போலிருக்கும். அவசரப்பட்டுப் பலமாக இழுத்தால் விழித்திரைத் துணுக்குகள் கிழிந்து வரும், பழுப்பு நிறம் தட்டும். அதில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். நல்ல மாதிரி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு கண்ணில் 2 முதல் 3 மி.லி. கிடைக்கும், பச்சிளங்குழந்தைக்கு 1 மி.லி. வந்தாலே பெரிது. இரு கண்களையும் தனித்தனிக் குழாயில் வையுங்கள். எடுத்த அளவுக்கு உப்புநீரை உள்ளே செலுத்தி விழியை மீண்டும் நிறைத்துவிடுங்கள். உறவினர் முகம் பார்க்கும்போது கண் குழிந்திருக்கக் கூடாது. கண்தானம் செய்த உடல் என்றால் கண்வங்கிக் குழுவிடம் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்துக்கு ஒரு குறிப்பு: கூழை அப்படியே இயந்திரத்தில் வைத்தால் உறிஞ்சுகுழாய் அடைத்துக்கொள்ளும், அளவும் தவறும். முதலில் சென்ட்ரிஃபியூஜில் நன்றாகச் சுற்றி மேல்பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

எம்பாம் செய்து (அழுகாமலிருக்க ஃபார்மலின் ஏற்றி) வந்த உடலில் ரத்தம் எடுப்பதில் பயனில்லை, ஃபார்மலின் எல்லாவற்றையும் கலைத்துவிடும். வளைகுடாவிலிருந்து வரும் உடல்களில் இது அடிக்கடி நேரும். விட்ரியஸ் மட்டும் அப்போதும் சில சோதனைகளுக்குக் கைகொடுக்கும்.

படி 5: சுற்று, பிரி, உறையவை

சிவப்பு மூடிக் குழாயை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சுற்றி, மேலே நிற்பதைத் தனிக்குழாய்க்கு மாற்றுங்கள். அது வைக்கோல் நிறத்தில் வராது; இறந்தவரின் சீரம் இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை எந்த நிறத்திலும் இருக்கும். எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்றாகவே வைக்காமல் மூன்று சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைப்பது இன்சுலின் போன்ற புரதங்களைச் சிதைக்கும். ஊதா மூடிக் குழாயை உறையவைக்கக் கூடாது. அதற்கு 4 டிகிரி போதும்.

லேபிளில் பிரேதப் பரிசோதனை எண், எடுத்த இடமும் பக்கமும், நாள், மணி, கையெழுத்து. ஆய்வகக் கோரிக்கைப் படிவத்தில் 'இறந்தவரிடமிருந்து எடுத்தது' என்று பெரிதாக எழுதுங்கள். இல்லையென்றால் இயந்திரம் 'சிவப்பணு சிதைந்த மாதிரி' என்று கொடி காட்டும், டெக்னீஷியன் நல்லெண்ணத்தோடு குப்பையில் போட்டுவிடுவார். ஒருமுறை நேரில் போய் உயிர்வேதியியல் துறையில் பேசிவைத்தால் இந்தத் தொல்லை அடியோடு தீரும்.

இன்னொன்று: தடய அறிவியல் ஆய்வகம் பொதுவாக நஞ்சையும் மதுவையும் தேடுமே தவிர, டிரிப்டேஸையும் (ஒவ்வாமையில் ஏறும் நொதி) கீட்டோனையும் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) தானாகத் தேடாது. இந்தச் சோதனைகளை நீங்கள்தான் கேட்க வேண்டும், பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியின் சொந்த ஆய்வகத்தில்.

படி 6: எண்ணைப் படிப்பது

சர்க்கரை, கீட்டோன், எச்பிஏ1சி

இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். தனித்தனியாக ஒவ்வொன்றும் அரைகுறை.

ரத்தச் சர்க்கரை இறந்தவரில் பயனற்றது. தொடையில் தானாக இறங்கியிருக்கும், வலது இதயத்தில் தானாக ஏறியிருக்கும். 1957-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மனைவிக்கு இன்சுலின் ஊசி போட்டுக் கொன்ற புகழ்பெற்ற வழக்கில், இதய ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்ததுதான் ஆய்வாளர்களை முதலில் குழப்பியது. கல்லீரல் கொட்டிய சர்க்கரை அது. ஊசி போட்ட இடத்துத் திசுவிலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்த பிறகுதான் வழக்கு நின்றது.

விட்ரியஸில் சர்க்கரை இறங்க மட்டுமே செய்யும், ஏறாது. அதனால் அங்கே 180 மி.கி./டெ.லி.க்கு மேல் வந்தால், உயிரோடிருந்தபோது சர்க்கரை உயர்ந்திருந்தது என்று துணிந்து சொல்லலாம். 10 வந்தால் எதுவும் சொல்ல முடியாது, ஆரோக்கியமானவருக்கும் சில மணி நேரத்தில் அப்படித்தான் வரும். 'சர்க்கரை தாழ்ந்து இறந்தார்' என்று விட்ரியஸ் எண்ணை வைத்து எழுதுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. சர்க்கரையையும், அது உடைந்து உண்டாகும் லாக்டேட்டையும் கூட்டிப் பார்க்கும் பழைய முறை ஒன்று உண்டு. எதனால் இறந்தாலும் லாக்டேட் ஏறும் என்பதால் அந்தக் கூட்டுத்தொகையை நம்பி ஒரு மரணக் காரணத்தை எழுதுவது சரியல்ல.

கீட்டோனில் பார்க்க வேண்டியது பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட். 50 மி.கி./லி. வரை இயல்பு, 250-க்கு மேல் நோய்நிலை, இடையில் வருவது உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 1 மில்லிமோல் என்பது 104 மி.கி. இயந்திரம் '9' என்று காட்டினால் அது 9 மி.கி. அல்ல, 900-க்கும் மேல். சிறுநீர்ப் பட்டையை நம்பி உட்காராதீர்கள். அதிலுள்ள நைட்ரோபுருசைடு அசிட்டோஅசிட்டேட்டுக்குத்தான் நிறம் மாறும், பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டைக் காணாது. மது சார்ந்த கீட்டோன் மரணங்களில் பெரும்பங்கு இதுவே என்பதால், பட்டை வெளுத்திருந்தும் கீட்டோன் உச்சத்தில் இருக்கலாம்.

கற்பனையாக ஒருவரை வைத்துப் பார்ப்போம். லாட்ஜ் அறையில் 34 வயதுக்காரர், பூட்டிய கதவு, மேசையில் காலி குளிர்பான பாட்டில்கள், வாந்தி. தற்கொலை என்று போலீஸ் கருதுகிறது. உடலில் எதுவும் இல்லை. விட்ரியஸ் சர்க்கரை 486, கீட்டோன் 1,150 மி.கி./லி., எச்பிஏ1சி 12.4%. மூன்றும் ஒரே திசை. நுண்ணோக்கியில் சிறுநீரக நுண்குழல் செல்களின் அடிப்பகுதியில் வரிசையாகக் குமிழ்கள். சர்க்கரை நோயின் கீட்டோ அமிலத்தன்மை. அந்தக் குளிர்பானங்கள் அடங்காத தாகத்துக்குக் குடித்தவை. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

அதே அறையில், காலி மது பாட்டில்களோடு, விட்ரியஸ் சர்க்கரை 20, கீட்டோன் 700, எச்பிஏ1சி 5.3%, ரத்தத்தில் மது மிகக் குறைவு அல்லது இல்லை, கொழுப்பேறிய கல்லீரல் என்றால் அது குடிசார்ந்த கீட்டோ அமிலத்தன்மை. 'மது இல்லையே, எப்படிக் குடியால் இறந்தார்?' என்று வழக்கறிஞர் கேட்பார். சாப்பாடில்லாமல் நாள்கணக்கில் குடித்து, வாந்தியால் குடியும் நின்றுபோன கட்டத்தில்தான் கீட்டோன் உச்சத்துக்குப் போகும் என்பதே பதில். பட்டினியும் கடுங்குளிரும்கூடக் கீட்டோனை ஏற்றும்.

எச்பிஏ1சி ஊதா மூடிக் குழாயில் பார்ப்பது. கடந்த 8 முதல் 12 வாரச் சர்க்கரையின் கணக்கு அது, இறப்பு அதை அசைப்பதில்லை. ஆனால் அது நோய் இருந்ததைச் சொல்லுமே தவிர, நோயால் இறந்ததைச் சொல்லாது.

இன்சுலின்

சிவப்பணு உடைந்த ரத்தத்தில், அணுவுக்குள்ளிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைத் தின்றுவிடும். ஆகவே குறைந்த அளவுக்குப் பொருளில்லை. கூடுதலாக வந்தால், கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளிவிடும் சி-பெப்டைடையும் பாருங்கள். உடல் தானே சுரக்கும்போது இரண்டும் சம மோல் அளவில் (மூலக்கூறு எண்ணிக்கையில் சமமாக) வெளிவரும். இன்சுலின் விரைவில் அழிவதால் சி-பெப்டைடே எப்போதும் மிகுந்து நிற்கும். இன்சுலின் மிகுந்து சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் வெளியிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே மோல் அலகுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். மருத்துவமனைக் கருவிகள் சில, புதுவகைச் செயற்கை இன்சுலின்களை அடையாளம் காணாது. 'இன்சுலின் இல்லை' என்ற அறிக்கையை ஏற்கும் முன் எந்தக் கருவி என்று கேளுங்கள். ஊசித் தடம் இருந்தால் தோல், கொழுப்பு, தசையோடு வெட்டியெடுத்து உறையவையுங்கள், அடுத்த பக்கத்திலிருந்து ஒப்பீட்டுத் துண்டு ஒன்றும் வேண்டும்.

டிரிப்டேஸ்

ஊசி போட்ட சில நிமிடத்தில் இறந்தார், குளவி கொட்டி இறந்தார், இறால் சாப்பிட்டு மூச்சு அடைத்தது என்று வரும் நேர்வுகளுக்கானது. ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்கள் வெடிக்கும்போது வெளிவரும் நொதி இது. ஒவ்வாமை தொடங்கி ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சம், பிறகு இரண்டு மணிக்கொரு முறை பாதியாகும். உயிரோடிருப்பவருக்கு 11.4 மைக்ரோகிராம்/லி. வரை இயல்பு. அந்த எல்லையைப் பிணவறைக்குக் கொண்டுவந்தால் பாதிப் பேர் ஒவ்வாமையால் இறந்ததாகிவிடும், ஏனெனில் இறந்த பிறகு இது ஏறும் ரகம். தொடை ரத்தத்தில் 45-ஐ ஒட்டிய எல்லையைக் கொள்வது நியாயம். நுரையீரலும் இதயமும் மாஸ்ட் செல்கள் நிறைந்தவை என்பதால், இதய ரத்தத்தில் இன்னும் வெகு உயரத்தில் எல்லையை வைக்க வேண்டும்.

எங்கே தவறும்? மூச்சுத் திணறல், பலத்த காயம், மாரடைப்பு, ஹெராயின் ஊசி ஆகியவற்றிலும் மிதமாக ஏறும். மறுபக்கம், ஊசி போட்ட பத்து நிமிடத்தில் இறந்தவருக்கு ஏற நேரமே இருக்காது; உணவு ஒவ்வாமையில் பெரிதாக ஏறாமலும் போகலாம். ஆகவே அளவு இயல்பாக இருப்பதால் மருத்துவரையோ மருந்தையோ விடுவித்துவிட முடியாது. குரல்வளை வீக்கத்தைக் கண்ணால் பாருங்கள், படமெடுங்கள். அந்தக் குறிப்பிட்ட மருந்துக்கோ விஷத்துக்கோ உரிய ஐஜிஇ எதிர்ப்பொருளையும் அதே சீரத்தில் கேட்கலாம். அது இறந்த பிறகும் நிலைத்திருக்கும். மருந்துக் குப்பியைக் கைப்பற்றச் சொல்லுங்கள்.

கோலினெஸ்டரேஸ்

பூச்சிமருந்துச் சாவு நம் பிணவறைகளின் அன்றாடம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து இந்த நொதியை முடக்கும். பிளாஸ்மா நொதி, சிவப்பணு நொதி என இரண்டு உண்டு. பிளாஸ்மா நொதி கல்லீரல் நோய், கர்ப்பம், ஊட்டக்குறைவு ஆகியவற்றிலும் தாழும், ஆகவே சிவப்பணு நொதியே திடமான சாட்சி.

இதன் பெரிய பயன் வார்டில் பத்து நாள் கிடந்து இறந்தவருக்கு. உடல் நஞ்சை முழுக்கச் சிதைத்து வெளியேற்றியிருக்கும். உள்ளுறுப்பு அறிக்கை 'நஞ்சு இல்லை' என்றுதான் வரும். நொதியோ மெல்லத்தான் மீளும். பிளாஸ்மாவில் வாரக்கணக்கு, சிவப்பணுவில் மாதக்கணக்கு. சேர்க்கை நாளின் கோலினெஸ்டரேஸ் அறிக்கை கேஸ் ஷீட்டில் இருந்தால் அதன் நகலை உங்கள் கோப்பில் சேருங்கள். மூன்று விதிவிலக்குகள்: முறிமருந்தான பிராலிடாக்சைம் கொடுத்திருந்தால் நொதி மீண்டிருக்கலாம், பிளாஸ்மாவோ ரத்தமோ ஏற்றியிருந்தால் தானமளித்தவரின் நொதியை அளப்பீர்கள், கார்பமேட் வகை மருந்தில் நொதி தானாகவே விடுபட்டு இயல்பாகத் தெரியும்.

கார்பாக்சி ஹீமோகுளோபின்

ஜெனரேட்டர் அறை, கரி அடுப்பு, தீப்பிடித்த வீடு. குழாயைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள், மேலே காற்றிடம் வேண்டாம். 50%-க்கு மேல் வந்தால் மரணத்துக்குப் போதும். முதியவர், இதய நோயாளிக்கு அதைவிட மிகக் குறைவே போதும். புகைப்பவருக்குச் சாதாரணமாகவே 10% வரை இருக்கலாம். உடனடி முன்சோதனைக்கு, நீர்த்த ரத்தத்தில் சில துளி 10% சோடியம் ஹைட்ராக்சைடு விடுங்கள்: சாதாரண ரத்தம் பழுப்புப் பச்சையாகும், கார்பன் மோனாக்சைடு ஏறியது இளஞ்சிவப்பாகவே நிற்கும்.

எரிந்த உடலில் அளவு தாழ்ந்து, மூச்சுக்குழாயில் கரியும் இல்லை என்றால், 'கொன்றுவிட்டுக் கொளுத்தினார்கள்' என்று உடனே எழுதத் தோன்றும். பொறுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால், கேஸ் வெடித்தால், புகை சேரும் முன்பே உயிர் போகலாம். வார்டில் ஆக்சிஜன் கொடுத்திருந்தால் ஒன்றரை மணிக்கொரு முறை இது பாதியாகிவிடும்.

சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின்

அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் புரதங்கள் இவை. இறந்தவரின் உடல் இவற்றைப் புதிதாகச் செய்யாது, மெல்ல இறங்கவே செய்யும். சி.ஆர்.பி. ஏறச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே உயர்ந்த அளவு ஒரு செய்தியைத் திட்டவட்டமாகச் சொல்லும்: அழற்சி தொடங்கிய பிறகு இவர் சில மணி நேரமாவது உயிரோடிருந்தார். கிருமித் தாக்கு எனச் சொல்லப் புரோகால்சிட்டோனின் 2 நானோகிராம்/மி.லி.க்கு மேல் வேண்டும், தீக்காயமும் பெருங்காயமும் இல்லாதிருக்க வேண்டும், உறுப்பில் எங்காவது சீழோ நிமோனியாவோ தெரிய வேண்டும்.

டிரோபோனின்

இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்; எல்லோரும் முதலில் கேட்பது இது. எனக்கு மிகக் குறைந்த மதிப்புள்ளதும் இதுவே. இதயத்தசை இறந்த பிறகு தானாகவே கசியும், மார்பை அழுத்தி உயிர்ப்பித்தாலும் ஏறும், சிறுநீரகம் கெட்டாலும் ஏறும். ஆகவே உயர்வு எதையும் நிரூபிக்காது. மாரடைப்பு வந்த அரை மணியில் துடிப்பு குலைந்து இறந்தவருக்கு அது ஏற நேரமிருக்காது என்பதால் தாழ்வும் எதையும் விலக்காது. இதயக் குழாயை 3 மி.மீ. இடைவெளியில் குறுக்கே வெட்டிப் பார்ப்பது இதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

யூரியா, கிரியேட்டினின், சோடியம்

விட்ரியஸில் பாருங்கள். சோடியம் 155 மில்லிமோல்/லி.க்கு மேலும் யூரியா உயர்ந்தும் இருந்தால் நீர் வற்றிய மரணம். கவனிப்பாரற்ற குழந்தை, படுக்கையில் விடப்பட்ட முதியவர் நேர்வுகளில் இது பேசும். சோடியமும் குளோரைடும் தாழ்ந்து பொட்டாசியம் 20-க்கு மேல் போயிருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள், அந்த மாதிரியில் வேறெதையும் வாசிக்க வேண்டாம்.

படி 7: கருத்தை எழுதுவது

எண், எடுத்த இடம், இறப்புக்கும் எடுப்புக்கும் இடைப்பட்ட நேரம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். 'வலது தொடைச் சிரை ரத்தத்தில், இறந்து சுமார் 14 மணி நேரத்துக்குப் பின் எடுத்ததில், டிரிப்டேஸ் 168 மைக்ரோகிராம்/லி.; குரல்வளை வீக்கம் உண்டு; ஊசிக்கும் இறப்புக்கும் இடைவெளி சுமார் 50 நிமிடம்; இவை ஒவ்வாமை அதிர்ச்சியோடு ஒத்துப்போகின்றன; மாற்றுக் காரணம் உடற்கூராய்விலோ நச்சாய்விலோ தெரியவில்லை.' இப்படி எழுதினால் குறுக்கு விசாரணையில் கூடச் சொல்ல வேண்டியது அதிகமிராது. 'டிரிப்டேஸ் உயர்ந்திருப்பதால் ஒவ்வாமை' என்று எழுதினால் ஒரு பகல் முழுக்கக் கூண்டில் நிற்க வேண்டிவரும்.

மிச்சமுள்ள இரண்டு சிறு குழாய்களையும் முத்திரையிட்டு, 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி, மைனஸ் 20 பெட்டியின் பதிவேட்டில் வரிசை எண்ணோடு ஏற்றுங்கள். நச்சாய்வு அறிக்கை வந்து இறுதிக் கருத்து போன பிறகும், விசாரணை அதிகாரியிடமிருந்து எழுத்து மூலம் அனுமதி வரும்வரை அவை அங்கேயே இருக்கட்டும்.